இரத்தமும் இரக்கமும்: வம்பயர்க் காதற்கதையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

வெகுசன இலக்கியத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில் நமது விமரிசகரிடையே நெடுங்காலமாகவே ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. முற்போக்கு அணியைச் சேர்ந்தோரும் இதற்கு விலக்கல்லர். இலட்சக்கணக்கானோர் விரும்பிப் படிக்கும் ஒரு கதைவகையை 'நச்சிலக்கியம்' என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்குவதனால் அவ்விலக்கியம் ஏன் தோன்றியது, அதனைப் படிப்போரின் எத்தேவையை அது நிறைவு செய்கிறது என்னும் வினாக்கள் விடையின்றியே எஞ்சிவிடுகின்றன. நாமும் ஒரு காலத்தில் இத்தவறைச் செய்தவர்களே.

கடந்த அரை நூற்றாண்டு காலமாக ஆங்கில நூற்சந்தையில் பெருவழக்குப் பெற்றுள்ள ஒரு கதைவகையை இங்கு எடுத்துக்கொள்கிறோம். இரத்தம் குடித்து வாழும் இறவாப் பிறவியான ஆடவன் ஒருவன். தன் இயல்பை எண்ணித் தானே வருந்துபவன். அவன்மீது காதல் கொள்ளும் மானிடப் பெண் ஒருத்தி. பெரும்பாலும் நவீன நகரத்தின் இரவுத் தெருக்களே களம். இவ்வமைப்பு எவ்வாறு உருவாயிற்று? ஊரார் அஞ்சித் தோண்டியெடுத்து எரித்த பிணம், காதலுக்குரிய நாயகனாக மாறியது எவ்வாறு? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பெயர் பற்றி ஒரு குறிப்பு. விக்கிரமாதித்தன் கதையின் வேதாளத்தை 1870 இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பேர்ட்டன் அதனை 'வம்பயர்' என்றே அழைத்தார். தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்னும் வழக்கும் உண்டு. எனினும் விடுகதை போடும் வேதாளமும் இரத்தம் உறிஞ்சும் வம்பயரும் வெவ்வேறு சமூகங்களின் வெவ்வேறு அச்சங்கள். ஆகவே மூலச் சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

2

வம்பயர் ஐரோப்பிய எழுத்துலகினுள் நுழைந்தது கவிஞரின் கற்பனை வழியாகவன்று. அரசாங்க அறிக்கை வழியாகவே என்பது கவனிக்கத்தக்கது. 1718 இல் பசரோவிட்ஸ் உடன்படிக்கையின் மூலம் ஹப்ஸ்பேர்க் பேரரசு வட சேர்பியாவைத் துருக்கியரிடமிருந்து பெற்றுக்கொண்டது. 1725 இல் கிசில்யேவோ என்னும் கிராமத்தில் எட்டு நாட்களுள் ஒன்பது பேர் இறந்தனர். அண்மையிற் புதைக்கப்பட்ட ஒருவனே இதற்குக் காரணம் எனக் கூறிய குடியானவர்கள், பிணத்தைத் தோண்டியெடுக்க அனுமதி கிடையாவிடின் ஊரையே விட்டுப் போவோம் என அதிகாரியிடம் கூறினர். வரிசெலுத்தும் குடிகளை எல்லைப்புற நிலத்தில் நிலைநிறுத்த வேண்டியிருந்த ஒரு நிருவாகத்திற்கு இம்மிரட்டல் சிறியதொன்றாக இருந்திருக்க முடியாது. 1732 ஜனவரியில் மெட்வெட்யா என்னுமிடத்தில் நிகழ்ந்த மரணங்கள் பற்றி இராணுவ வைத்தியர் யொஹான் ஃபுளூக்கிங்கர் தயாரித்த அறிக்கை ஐரோப்பா முழுவதும் பரவியது.

இவ்வறிக்கைகளில் வரும் வம்பயரிடம் காதலுமில்லை, கவர்ச்சியுமில்லை. அவன் பிரபுவுமல்லன். கொள்ளை நோய்க்கும் போருக்கும் ஆட்சி மாற்றத்திற்கும் இடையே அல்லற்பட்ட குடியானவர் சமூகம் தன் உறவினருள்ளும் அயலவருள்ளும் கண்ட பகைவனே அவன்.

ஆனால் அதே 1732 இல் இலண்டனில் இச்சொல்லுக்குப் புதுப்பொருள் ஒன்று பிறந்துவிட்டது. வோல்போலின் அரசாங்கத்தை எதிர்த்த 'கிராஃப்ற்ஸ்மன்' என்னும் பத்திரிகை, மக்களின் செல்வத்தை உறிஞ்சும் ஆட்சியாளரையே உண்மையான வம்பயர்கள் என எள்ளி நகையாடியது. பின்னர் வோல்தேரும், பட்டப்பகலில் மக்களின் இரத்தத்தைக் குடிக்கும் பங்குத் தரகரையும் வணிகரையும் இவ்வாறே சாடினார். கிராமத்தில் அயலவனைச் சுட்டிய உருவகம் நகரத்தை அடைந்ததும் வர்க்கத்தைச் சுட்டலாயிற்று. பேரரசி மரியா தெரேசா 1755 இல் தம் வைத்தியர் வான் ஸ்வீற்றனின் ஆலோசனையின் பேரில் பிணந்தோண்டும் வழக்கத்தைத் தடைசெய்தார். நம்பிக்கை என்ற வகையில் வம்பயர் படித்தோரிடையே மதிப்பிழந்தது. உருவகம் என்ற வகையில் அப்பொழுதே வாழத் தொடங்கியது.

3

காதல் இதனுடன் இணைந்தது மனோரதியக் கவிஞர் காலத்திலாகும். கெதே 1797 இல் இயற்றிய 'கொரிந்தின் மணமகள்' என்னும் கதைப்பாட்டில், மதத்திற்கு நேர்ந்துவிடப்பட்டு மடிந்த பெண் தனக்குரிய காதலனைத் தேடி வருகிறாள். மறுக்கப்பட்ட மானிட இன்பமே இங்கு கல்லறையிலிருந்து எழுகிறது. இதனை மனங்கொள்ளல் வேண்டும். வம்பயர்க் காதலின் முதற் குரல் ஒடுக்குமுறைக்கு எதிரான குரலாகவும் இருந்தது.

1819 இல் வெளிவந்த யோன் பொலிடோரியின் 'வம்பயர்' என்னும் கதை வேறொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. பொலிடோரி, பைரன் பிரபுவிடம் ஊதியம் பெற்ற இளம் வைத்தியர். 1816 இல் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தொடங்கி இடையில் விட்ட கதையொன்றே அவருக்கு வித்தாயிற்று. அவர் படைத்த ருத்வன் பிரபு உயர்குடிக் கூடங்களிற் பழகிக் குடும்பங்களை அழிக்கும் கனவான். அக்கதை முதலில் பைரனின் பெயரிலேயே வெளியாயிற்று. ஊழியன் தன் எசமானனை வம்பயராகத் தீட்டினான். சந்தையோ அந்த எழுத்தையும் எசமானனுக்கே உரியதாக்கியது. இலக்கிய உற்பத்தியின் உறவுகளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சிகள் சிலவே. கிராமத்துப் பிணம் இங்குதான் முதன்முறையாகப் பிரபுவாயிற்று. எழுச்சியுற்று வந்த நடுத்தர வர்க்கம் உயர்குடி மீது கொண்டிருந்த வெறுப்பும் வியப்பும் ஒருங்கே இதிற் படிந்துள்ளன.

1845 முதல் 1847 வரை ஒரு பென்னி விலையில் வாரந்தோறும் விற்கப்பட்ட 'வார்னி' என்னும் தொடர்கதையிலேதான் வருந்தும் வம்பயரை விரிவாகக் காண்கிறோம். ஜேம்ஸ் மல்கம் றைமர் எழுதியதாகக் கருதப்படும் இக்கதையின் நாயகன், தன் இருப்பையே வெறுத்து ஈற்றில் வெசூவியஸ் எரிமலையிற் குதித்து மாய்கிறான். இதன் வாசகர் பெரும்பாலும் நகரத் தொழிலாளரும் எளிய மக்களுமாவர். இத்தொடர் வெளிவரத் தொடங்கிய அதே 1845 இல், இங்கிலாந்தின் தொழிலாளர் நிலைபற்றிய தமது நூலில் எங்கெல்ஸ் உடைமை வர்க்கத்தை வம்பயர் என்று சுட்டினார். ஒரே ஆண்டில் ஒரே உருவம் இரு வழிகளிற் செல்கிறது: ஒன்றில் அது தன் பசிக்காகக் கண்ணீர் வடிக்கிறது, மற்றதில் அது இனங்காணப்படுகிறது.

1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் இவ்வுருவகத்தை மேலும் கூர்மையாக்கினார். கடந்தகால உழைப்பின் திரட்சியான மூலதனம், உயிருள்ள உழைப்பை ஈர்த்தே வாழ்கிறது என்பது அவரது கருத்து. ஆனால் அந்நூலின் முன்னுரையில், முதலாளியைத் தனிமனிதன் என்ற வகையிற் பொறுப்பாளியாக்குவது தம் நோக்கமன்று. பொருளாதார உறவுகளின் உருவாகவே அவனை நோக்குவதாகவும் கூறுகிறார். ஆகவே மார்க்ஸின் வம்பயருக்கு மனச்சாட்சி உண்டா இல்லையா என்பது வினாவே அன்று. நல்லவனாயினும் தீயவனாயினும் அவன் உறிஞ்சியே ஆகவேண்டும். இதனை நினைவிற் கொண்டே அடுத்துவரும் வளர்ச்சியை நோக்க வேண்டும்.

4

லெ பனுவின் 'கார்மில்லா' 1871-72 இலும், பிராம் ஸ்டோக்கரின் 'திராக்குலா' 1897 இலும் வெளிவந்தன. இருவரும் டப்ளினிற் பிறந்தோர். அயர்லாந்தின் புரட்டஸ்தாந்து மரபினர். நிலவுடைமையின் அத்திவாரம் ஆட்டங்கண்டுகொண்டிருந்த ஒரு குடியேற்ற நாட்டிலிருந்து இவ்விரு நூல்களின் ஆசிரியரும் வந்தமை தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. இத்தாலிய விமரிசகர் பிராங்கோ மொறெற்றி, திராக்குலாவை ஏகபோக மூலதனத்தின் உருவாகக் கண்டார். அவனிடம் வேலைக்காரரில்லை, ஆடம்பரமில்லை, பெருகும் வேட்கை மட்டுமே உண்டு. 1990 இல் ஸ்டீபன் அறாற்றா, குடியேற்றம் செய்தவனே குடியேற்றத்துக்கு உள்ளாகும் அச்சத்தை இந்நாவலிற் கண்டார். இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஏகாதிபத்தியம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

ஸ்டோக்கரின் நாவலில் திராக்குலாவுக்கும் மீனாவுக்கும் இடையே காதல் இல்லை என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். தட்டச்சுப் பொறி, சுருக்கெழுத்து, தந்தி ஆகியவற்றைக் கையாளும் நடுத்தர வர்க்கத்தினர் ஒன்றுகூடி அவனைத் துரத்திக் கொல்கின்றனர். காதல் பிற்காலத் திரைக்கலை சேர்த்த பொருளாகும். 1967 இல் 'டார்க் ஷடோஸ்' என்னும் அமெரிக்கப் பிற்பகல் தொலைக்காட்சித் தொடரில் தோன்றிய பார்னபாஸ், இழந்த காதலுக்காக ஏங்கினான். 1974 இல் ஒளிபரப்பான டான் கேர்ட்டிசின் தொலைக்காட்சிப் படமும், 1992 இல் வந்த கொப்பலாவின் திரைப்படமும் அதே ஏக்கத்தைத் திராக்குலாவுக்கு அளித்தன. வேட்டையாடப்பட வேண்டியவன் ஆறுதல் அளிக்கப்பட வேண்டியவனானான்.

1976 இல் வெளிவந்த அன் றைஸின் 'வம்பயருடன் நேர்காணல்' இம்மாற்றத்தை நிலைபெறச் செய்தது. அதன் நாயகன் லூயி, லூசியானாவில் அவுரித் தோட்டங்களுக்கு உடைமையாளன், அடிமைகளின் எசமானன். அவன் வம்பயராகும் ஆண்டு 1791. அவ்வாண்டிலேயே செயின்ற் டொமிங்கில் அடிமைகளின் மாபெரும் எழுச்சி வெடித்தது. ஆசிரியை இதனைக் கருதினாரோ இல்லையோ, நாவலில் எசமானர் மனிதரல்லர் என்பதை முதலிற் கண்டுகொள்வோர் அடிமைகளே. ஆனால் கதை அவர்களது பார்வையிற் செல்லவில்லை. லூயி குடித்த இரத்தத்துக்காக நூற்றாண்டுகள் வருந்துகிறான். அவுரித் தோட்டம் குடித்த இரத்தம் அவ்வருத்தத்தின் மையத்துக்கு வருவதேயில்லை. துயரம் உண்மையானது, அதன் வேர் மறைக்கப்பட்டது. கருத்துநிலை என்பது தொழிற்படும் முறையே இதுதான்.

5

1990 களில் இக்கதை முற்றாக நகரத்துக்குள் வந்தது. 1993 முதல் லோறெல் ஹமில்ரன் எழுதிய நாவல்களில் செயின்ற் லூயிஸ் நகரத்து வம்பயர்களுக்குச் சட்டவுரிமை உண்டு. 2001 இல் தொடங்கிய ஷார்லேன் ஹரிஸின் நாவல்களில் செயற்கை இரத்தம் போத்தலில் விற்கப்படுகிறது. சுரண்டலின் முரண்பாட்டைச் சந்தை தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைத்தல் அரிது.

லொஸ் ஏஞ்சல்சைக் களமாகக் கொண்டு 1999 முதல் 2004 வரை ஒளிபரப்பான 'ஏஞ்சல்' என்னும் தொலைக்காட்சித் தொடர் தனிக் கவனத்துக்குரியது. அதன் நாயகன் தான் கொன்ற ஒரு பெண்ணின் இனத்தாரால் ஆன்மாவைச் சாபமாகப் பெற்றவன். முழு இன்பத்தை ஒரு கணம் அடைந்தாலும் ஆன்மா நீங்கிவிடும். எனவே அவனது காதல் நிறைவேறவே இயலாது. ஒவ்வோர் இரவும் ஒருவரையோ இருவரையோ காப்பாற்றித் தன் கடனைக் கழிக்க முயல்கிறான். அவனுக்கு எதிராக நிற்பது மற்றொரு வம்பயரன்று. தீமையை வாடிக்கையாளராகக் கொண்ட ஒரு சட்ட நிறுவனம். கடைசிப் பருவத்தில் அந்நிறுவனத்தின் கிளையை அவனே பொறுப்பேற்கிறான். உள்ளிருந்து திருத்தலாம் என எண்ணுகிறான். நிறுவனமே அவனைத் திருத்தத் தொடங்குகிறது. தனிமனித அறத்தின் எல்லையை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட வெகுசனப் படைப்புகள் அதிகமில்லை. நல்ல படைப்பு தன் வகையின் கருத்துநிலையைத் தானே உடைத்து வெளிவரக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இதனுடன் 2005 இல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் 'ருவைலைற்' நாவலை ஒப்பிடுதல் பயனுடைத்து. வாஷிங்ரன் மாநிலத்து மரந்தறிக்கும் ஊராகிய ஃபோர்க்ஸ் அதன் களம். விலையுயர்ந்த கார்களில் வரும் வம்பயர் குடும்பம் விலங்குகளின் இரத்தத்தையே அருந்துகிறது. அதன் செல்வம் குற்றமற்றதாகக் காட்டப்படுகிறது. அயலில் வாழும் குவிலியூற் பழங்குடியினரோ ஓநாய்களாக்கப்படுகின்றனர். அம்மக்கள் கற்பனைப் பாத்திரங்களல்லர். கடற்கோள் அபாயமுள்ள கரையோரத்தில் வாழும் அவர்களுக்கு மேட்டுநிலத்தைத் திருப்பியளிக்கும் சட்டம் 2012 இலேயே நிறைவேறியது. கோடிக்கணக்கில் விற்ற ஒரு கதைத்தொடரில் அவர்களது நிலப்பிரச்சினைக்கு இடமில்லை. அவர்களது பெயருக்கு இடமுண்டு.

6

அவ்வாறாயின் இக்கதைகளைப் படிக்கும் பெண்களை ஏமாளிகள் எனலாமா? அது பெருந்தவறாகும். காதல் நாவல் படிக்கும் அமெரிக்கப் பெண்களை நேரிற் கண்டு ஆராய்ந்த ஜனிஸ் றாட்வே, 1984 இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கிய உண்மையை எடுத்துக்காட்டினார். இடையறாத வீட்டுழைப்பிலிருந்து பெண் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமே அவ்வாசிப்பு. அவளைச் சூழ்ந்துள்ள உலகில் ஆடவனின் அன்பும் ஆடவனின் வன்முறையும் ஒரே வீட்டில் வசிக்கின்றன. தன்னைக் கொல்ல வல்லவன், தன்மீது கொண்ட அன்பினால் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்வான் என்னும் கனவு அவ்வுலகின் அச்சத்திலிருந்தே பிறக்கிறது. கனவு பொய்யாயிருக்கலாம், அச்சம் பொய்யன்று. மதம்பற்றி மார்க்ஸ் கூறியதை இதற்கும் பொருத்திப் பார்க்கலாம். துயரத்தின் வெளிப்பாடாகவும் துயரத்துக்கு எதிரான முறையீடாகவும் ஒன்றே இருத்தல் கூடும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? வம்பயர் அந்தந்தக் காலத்துச் சமூக உறவுகளின் வடிவத்தை ஏற்றுள்ளான்: குடியானவரின் அயலவன், நடுத்தர வர்க்கத்தின் பிரபு, தொழிலாளியின் முதலாளி. இன்றைய காதலன் இவ்வரிசையிற் புதியவன். அவன் தன் பசியை மறுப்பதில்லை, மன்னிப்புக் கேட்கிறான். சுரண்டல் நீங்கும் என்னும் நம்பிக்கை தளர்ந்த காலத்தில், சுரண்டுபவன் வருந்துவான் என்னும் நம்பிக்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தன் தொழிற்சாலைகளின் நிலைக்காக வருத்தம் தெரிவிக்கும் நிறுவனங்களும், அறக்கொடை வழங்கும் பெருஞ்செல்வரும் மலிந்த யுகத்தில் இது வியப்புக்குரியதன்று.

எனினும் இவ்வுருவத்தின் பழைய ஆற்றல் முற்றாக மறைந்துவிடவில்லை. 1725 இல் ஊரைவிட்டுப் போவோம் என்ற குடியானவர்களும், தோட்டத்து வீட்டில் இருப்போர் மனிதரல்லர் என உணர்ந்த நாவலின் அடிமைகளும் வம்பயரின் முகத்தில் வருத்தம் தெரிகிறதா எனப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தம்மவர் ஏன் இறக்கின்றனர் என்றே கேட்டனர். குடியானவர் கண்ட விடை தவறானது. கேட்ட கேள்வி சரியானது. விமரிசகரின் பணி, இரக்கத்தை இகழ்வதன்று. அக்கேள்வியை மீண்டும் வாசகர் முன் வைப்பதேயாகும்.