ஜல்லிக்குப் பூசிய குப்பை: பிளாஸ்டிக் தார்ச்சாலை பிறந்த கதை

பொட்டிபுரம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் காதில் போட்டது நியூட்ரினோதான். தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ்ந்திருக்கும்படி நியூட்ரினோ துகள்களை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். ஒப்புதல், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், ஊர்க்காரர்களின் எதிர்ப்பு என்று அது போன பாதை தமிழ்நாட்டுக்கே தெரியும். அங்கே கேள்வி பிரபஞ்சத்தைப் பற்றியது. பொட்டிபுரத்தைத் தேர்ந்தெடுத்தது அதன் பாறைக்காக.

கேள்வி ஊரிலிருந்து கிளம்பி ஆய்வகத்துக்குப் போன கதை ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. அதற்கு ஆன செலவு மிகக் குறைவு, கிடைத்த பேரும் குறைவுதான். ஆனால் அந்தக் கதையில் பிறந்த பொருளின் மேல் நீங்கள் பலமுறை பஸ்ஸில் போயிருக்கலாம்.

ஏலக்காய்ச் சரிவுகளிலிருந்து இறங்கி வரும் கொட்டக்குடி ஆறு போடியைத் தாண்டி வைகையில் சேர்கிறது. வைகை மதுரைக்குப் போகிறது. மலையில் வீசி எறிந்த பாலித்தீன் கவருக்கும் அதுதான் வழி. 1990-களின் கடைசியில் ஆறும் வாய்க்காலும் உள்ள எல்லா ஊர்களிலும் இதே நிலைதான். டீக்கடை சாம்பார் முதல் உரக்கடை விதை வரை எல்லாம் கவரில் வந்தன. நகராட்சி லாரி அள்ளிப்போய்க் கொட்டிய இடத்தில் யாராவது தீ வைத்தார்கள். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டது. கவுன்சிலரிடம் புகார் போனால், அவர் துப்புரவு மேஸ்திரியைக் கூப்பிடுவார். மேஸ்திரியிடம் இருந்தது மண்வெட்டியும் தள்ளுவண்டியும்தான்.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு வழி சொன்னது. 1999-ல் வந்த மத்திய அரசின் விதி, கேரி பேக் 20 மைக்ரானுக்கு மெலிதாக இருக்கக் கூடாது என்றது. 2011-ல் அது 40 ஆயிற்று, 2016-ல் 50 ஆயிற்று. பை தடித்துக்கொண்டே போனது. ஏற்கெனவே தெருவில் கிடப்பதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மைக்ரான் கணக்கில் விடை இல்லை.

விடை தேடியவர் ஒரு வேதியியல் பேராசிரியர். மதுரை திருப்பரங்குன்றத்தில் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆர். வாசுதேவன். பிளாஸ்டிக்கைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் எங்கும் ஓங்கியிருந்த நேரத்தில், அவர் அதை ஒரு வேதியியல் மூலப்பொருளாகப் பார்த்தார். கேரி பேக் பெட்ரோலியத்திலிருந்து வருவது. சாலைக்கு ஊற்றும் தாரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்த பிறகு அடியில் தங்குவது. இரண்டும் ஹைட்ரோகார்பன்கள். சொந்தக்காரர்களான இவை ஒன்றோடொன்று ஒட்டாமல் போகக் காரணமில்லை என்பதுதான் தொடக்கம்.

தாருக்குள் பாலிமரைக் கலப்பது அப்போதே புதிய செய்தி அல்ல. வெளிநாடுகளில் பாலிமர் கலந்த தார் விற்பனையிலேயே இருந்தது. ஆனால் அதற்குத் தனி ஆலை வேண்டும், வேகமாகச் சுழலும் கலக்கி வேண்டும். குப்பைப் பிளாஸ்டிக்கைச் சில சதவீதத்துக்கு மேல் போட்டால் தாரிலிருந்து அது பிரிந்து நின்றுவிடும். ஊராட்சி ஒன்றியத்தில் ரோடு காண்டிராக்ட் எடுப்பவர் இந்த ஏற்பாடுகளுக்கு எங்கே போவார்?

திருப்பரங்குன்றத்தில் நடந்த கண்டுபிடிப்பு ஒரு வரிசை மாற்றம். பிளாஸ்டிக்கைத் தாரில் போடாதே, ஜல்லியில் போடு. ரோடு போடும் இடத்தில் ஜல்லியை எப்படியும் 160, 170 டிகிரி வரை சூடாக்கத்தான் போகிறார்கள். அந்தச் சூட்டில், நாலைந்து மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் அரை நிமிடம்போல் ஆவதற்குள் உருகி, கடலை மிட்டாய்க்குப் பாகு ஏறுவதுபோல ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறிக்கொள்கிறது. அதன் பிறகு வழக்கம்போல் தார். புது இயந்திரம் எதுவும் தேவையில்லை. காண்டிராக்டரிடம் இருக்கும் அதே கலவை ஆலையும் அதே ரோலரும் போதும்.

இந்தப் பூச்சு செய்யும் வேலை என்ன என்பதைத் தார்ச்சாலை சாகும் விதத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல் ஒட்டுதல் அதிகம். மழைநீர் விரிசல் வழியே இறங்கினால், கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். உரிந்த கல் பெயரும், பெயர்ந்த இடம் குழியாகும், அடுத்த மழையில் குழி பள்ளமாகும். போடி மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் படலம் தண்ணீரை ஏற்காது. கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் கல் உறிஞ்சும் ஈரமும் குறைகிறது. தாரும் பிளாஸ்டிக்கும் ஒரே குலம் என்பதால் அவற்றின் பிடிப்பு இறுகுகிறது.

பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் நச்சுப்புகை வராதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. உருகுவதும் எரிவதும் வேறு வேறு. பை, கவர் போன்ற பாலித்தீன் வகைகள் 100 முதல் 140 டிகிரிக்குள் இளகிவிடும். அவை சிதையத் தொடங்குவதோ 270 டிகிரிக்கு மேல். ஜல்லியின் சூடு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பி.வி.சி. மட்டும் ஆகாது. அதில் குளோரின் இருப்பதால், சூட்டில் அமிலப்புகை வரும். ஆகவே குப்பையைப் பிரித்து எடுப்பவரின் கண் தப்பினால் மொத்த வேதியியலும் தப்பிவிடும்.

கணக்கு எளிது. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்குச் சுமார் 10 டன் தார் வேண்டும். அதில் ஒரு டன்னைப் பிளாஸ்டிக்கால் ஈடு செய்யலாம். ஒன்றிய எஞ்சினியருக்கு இது ஒரு டன் தார் மிச்சம். துப்புரவு மேஸ்திரிக்கு ஒரு டன் கவர் ஒழிந்தது. இரண்டு இலாகாக்களின் தலைவலி ஒரே கலவையில் தீர்ந்ததால்தான் உள்ளாட்சிகள் இதைக் காது கொடுத்துக் கேட்டன.

ஆனால் ஆய்வகத்தில் சரியாக வந்தது தெருவில் சரியாக வருமா? சாலையின் சோதனை, வண்டி ஓடினால்தான் தொடங்கும், மழைக்காலங்கள் சில கழிந்தால்தான் முடியும். அதற்கு ஊரார் தெரு வேண்டும். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெரு, 2003-ல் ஈரோடு வீரபத்திரர் வீதி, 2004-ல் மதுரை வண்டியூர் சாலை, 2005-ல் விளாச்சேரி சாலை என்று ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பூசிய ஜல்லி இறங்கியது. கல்லூரிக்குள் கேன்டீனுக்குப் போகும் சாலையும் 2006-ல் இதே முறையில் போடப்பட்டது. ஆண்டுக்கு ஒன்று வீதம் வயது ஏறும் ஐந்து சாலைகள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க, 2002-ல் போட்ட சாதாரணத் தார்ச்சாலை ஒன்றும் இருந்தது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக இந்தச் சாலைகள் அளக்கப்பட்டன. பாரம் ஏற்றிய லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் சாலை எவ்வளவு அமுங்கி எழுகிறது என்பதை நீண்ட கோல் ஒன்றால் அளப்பது ஒரு சோதனை. அளந்து எடுத்த மணலைச் சாலையில் வட்டமாகப் பரப்பி, அந்த வட்டத்தின் அகலத்தை வைத்து மேற்பரப்பின் சொரசொரப்பைக் கணக்கிடுவது இன்னொன்று. மேடுபள்ளம், வழுக்கல், ஜல்லி பெயர்வு என்று பட்டியல் நீளும். எதுவும் புதிய சோதனை அல்ல. சிவில் மாணவர்கள் சாலைப் பொறியியல் ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்து பழகுபவைதான். இங்கே அவை ரெக்கார்டு நோட்டைத் தாண்டிப் போய் அரசாங்க அறிக்கையாயின. நான்கு முதல் ஆறு வயது ஆன பிளாஸ்டிக் சாலைகளில்கூடக் குழியோ தடம் பதிந்த பள்ளமோ ஓரச் சிதைவோ காணப்படவில்லை என்றது அந்த அறிக்கை.

இந்தக் கதையில் இன்னொரு கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். குப்பையிலிருந்து கவரைப் பொறுக்கி, மண் தட்டி, கழுவி, வெட்டும் இயந்திரத்தில் போட்டுத் துணுக்காக்கியவர்களில் பெரும்பாலோர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பேராசிரியரின் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. சாலையின் தரம் இவர்கள் கையில் இருக்கிறது. மண் ஒட்டிய கவரும், இடையில் நுழைந்த பி.வி.சி. துண்டும் எந்தக் காப்புரிமையையும் கெடுத்துவிடும்.

ஏறக்குறைய அதே காலத்தில் பெங்களூரிலும் இதேபோல் ஒரு பிறப்பு நடந்தது. அங்கே பிளாஸ்டிக் பை தயாரித்து வந்த கே.கே. பிளாஸ்டிக் நிறுவனத்தின் யோசனையை, பெங்களூர்ப் பல்கலைக்கழகப் போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியர்கள் ஜஸ்டோவும் வீரராகவனும் சோதித்து 2002-ல் அறிக்கை தந்தார்கள். அந்த நகரத்துச் சாலைகளும் பிளாஸ்டிக்கைக் குடித்தன. இரண்டு ஊர்களிலும் ஒரே கணக்கு: குப்பை மாநகராட்சியுடையது, தெரு மாநகராட்சியுடையது, நடுவில் நின்று அளந்து சொன்னது கல்வி நிலையம்.

பிறகு நடந்தவை வேகமானவை. 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை விலை பேசாமல் அரசின் பயன்பாட்டுக்குக் கொடுத்தார்கள். 2013-ல், சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கென்று வழிகாட்டு நூலே வெளியிட்டது. 2015-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலைகளில் பயன்படுத்தச் சொன்னது. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள், உள்ளாட்சிகள் இதை ஊக்குவிக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தன. 2018-ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ. குழி விழுந்த தெருவும் குப்பைமேடும் கொடுத்த கேள்விக்கு விடை, பதினைந்து ஆண்டுக்குள் நாட்டின் விதியாகிவிட்டது.

கல்வி நிலையம் ஊருக்கு உழைக்கும் இப்படிப்பட்ட ஏற்பாட்டை நம் நாடு திட்டமாகவே வகுத்துப் பார்த்ததுண்டு. காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கியது. ஆனால் என்.எஸ்.எஸ். முகாம் என்றாலே கோயில் வளாகத்தைக் கூட்டுவதும் மரக்கன்று நடுவதும்தான் நினைவுக்கு வருகிறது. மாணவனின் கை ஊருக்குப் போனது, அவன் படித்த பாடம் வகுப்பிலேயே தங்கிவிட்டது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் 2009-ல் தொடங்கிய திட்டம் இதைத் திருப்பிப் போட்டது. ஆண்டுக்கு ஒரு நகரம் என்று எடுத்துக்கொள்வார்கள். முதலில் கிரெஷம் நகரம். அந்த நகர நிர்வாகத்தின் பிரச்சினைகள் பல துறைகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே பயிற்சியாக நுழையும். மாணவன் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை, எப்படியும் எழுத வேண்டிய பயிற்சியை உண்மையான ஊருக்காக எழுதினால் போதும். மதுரையில் தற்செயலாக நடந்ததை அவர்கள் ஏற்பாடாக்கினார்கள் என்று சொல்லலாம்.

பிளாஸ்டிக் சாலைக்குக் குறை இல்லாமல் இல்லை. சாலை தேய்ந்தால் பிளாஸ்டிக் துகள் எங்கே போகும் என்ற கேள்வி, அது பிறந்த நாளில் யாருக்கும் தோன்றவில்லை. நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லே பின்னால்தான் பரவியது. எல்லாம் ரோட்டுக்குப் போய்விடும் என்ற தைரியத்தில் கவரைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா என்பது இன்னொரு கேள்வி. தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது, மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்தது. சாலை தீர்க்கக்கூடியது ஏற்கெனவே சேர்ந்த குப்பையை மட்டுமே என்பதை அரசும் ஒப்புக்கொண்டது போலத்தான்.

இந்தச் சந்தேகங்களைத் தீர்க்கப் போடி மலைச்சரிவைவிடப் பொருத்தமான இடம் அரிது. செங்குத்துச் சரிவு, இரண்டு பருவமழைகளின் ஈரம், ஏலக்காய் மூட்டைகளோடு ஏறி இறங்கும் வண்டிகள், கீழே குடிநீருக்கும் பாசனத்துக்கும் போகும் ஆறு. போடியில் 2012 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அந்தக் கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்தால் போதும்: மலைச்சாலையில் பூசிய பிளாஸ்டிக் மழையோடு கொட்டக்குடிக்கு இறங்குகிறதா, இறங்கினால் எவ்வளவு? மழைநீரைப் பிடித்து வடிகட்டி நுண்ணோக்கியில் எண்ணுவது இளநிலை மாணவர் செய்யக்கூடிய வேலை. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு எண்ணினால், சில ஆண்டில் நாட்டுக்கே இல்லாத கணக்கு இந்த ஊரிடம் இருக்கும். மலையைக் குடைய வேண்டியதில்லை, 1,500 கோடியும் வேண்டாம். கேள்வியைக் கேட்கும் நகராட்சித் தீர்மானம் ஒன்று வேண்டும், அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் பேராசிரியர் ஒருவர் வேண்டும்.