கல்யாணம் செய்வதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டால் குற்றமா? பி.என்.எஸ். 69-வது பிரிவு சொல்வது என்ன?

"வீட்ல பேசிட்டு சொல்றேன்", "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்". காதலில் இந்த வசனங்களைக் கேட்காதவர்கள் குறைவு. கல்யாணம் நிச்சயம் என்ற நம்பிக்கையில் உடலுறவு வரை போன பிறகு, ஒருவர் விலகிவிட்டால் அது வெறும் பிரேக் அப்பா, போலீஸ் கேஸா? வாக்குக் கொடுத்த அன்று கொடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்பதுதான் சட்டம் கேட்கும் முதல் கேள்வி.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 69-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண ஆசை காட்டி ஒரு பெண்ணுடன் உடலுறவு வைத்துக்கொண்டால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் கிடைக்கும். வேலை, பதவி உயர்வு தருவதாகப் பொய் சொல்வதும், தான் யார் என்பதை மறைத்துக் கல்யாணம் செய்வதும் இதே பிரிவில் சேரும். பழைய ஐ.பி.சி.யில் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. அப்போது இத்தகைய புகார்கள் பாலியல் வன்கொடுமை வழக்குகளாகவே பதிவாகின.

பொய் வாக்கு வேறு, நிறைவேறாத வாக்கு வேறு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. வாக்கு ஆரம்பத்திலேயே பொய்யாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பொய்யை நம்பித்தான் பெண் உறவுக்குச் சம்மதித்திருக்கவும் வேண்டும். திருமணத்துக்குத் தடைகள் இருப்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும் என்பதையும் கவனித்த நீதிமன்றம், அந்த வழக்கை ரத்து செய்தது.

ஏற்கெனவே கல்யாணமானவர் அதை மறைத்து ஆசை காட்டினால், அது முதல் நாளே பொய். உண்மையாகவே விரும்பியவர் வீட்டில் போராடித் தோற்றுப்போனால், அதை மட்டும் வைத்துக் குற்றம் என்று சொல்ல முடியாது. பெண்ணுக்கு வலி இரண்டிலும் ஒன்றுதான். சட்டம் மட்டும் பிரித்துப் பார்க்கிறது. ஆனால் மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? வாட்ஸ்அப் சாட், ஆடியோ, தெரிந்தவர்களின் சாட்சி எல்லாம் அங்கே பேச வரும். கோபத்தில் சாட்டை அழித்துவிட்டால் நஷ்டம் புகார் கொடுப்பவருக்குத்தான்.

முன்கூட்டியே பேசுவது எப்படி?

"எப்போ வீட்ல சொல்லப் போற?" என்று நேராகவே கேட்கலாம். "கல்யாணம் பத்தி இப்போ எனக்குத் தெளிவில்லை" என்பதும் நேர்மையான பதில்தான். கேட்க கசக்கும், ஆனால் இருந்துகொள்வதா விலகுவதா என்று மற்றவர் முடிவெடுக்க முடியும். 'பார்க்கலாம்' என்று இழுப்பதுதான் ஆபத்து. காதலிக்கிறோம் என்பதற்காகவோ, ஒருமுறை சரி சொன்னதற்காகவோ அடுத்த முறையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. "ரெண்டு பேரும் லவ் பண்றோம்" என்றாலும் போக்சோ பாயும்.

ஆண்கள் ஏமாற்றப்பட்டால் 69-வது பிரிவு உதவாது. அது பெண்ணுக்கு இழைக்கப்படும் ஏமாற்றை மட்டுமே பேசுகிறது. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும், பாதிக்கப்பட்டவர் ஆணோ பெண்ணோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உதவி தேவைப்படும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.