எண்ணினால் போதுமா? காப்புரிமைக் கணக்கும் ஈ.எம்.ஐ. கதையும்

பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற கம்பெனிக்கும் ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! பிரிட்டனின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர்தான் இந்த ஸ்கேனரை உருவாக்கியவர். 1968-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படம் எடுக்கப்பட்டது. 1973 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது, எண் 3,778,614. (பீட்டில்ஸ் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில்தான் ஸ்கேனர் பிறந்தது என்று சுவையாகச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை போட்ட பணமும் அதில் பெரும் பங்கு.)

உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத இயந்திரம், கையில் அதற்கான காப்புரிமை. இதைவிட நல்ல தொடக்கம் ஒரு கம்பெனிக்கு அமையுமா? ஆனால் பத்து வருடத்துக்குள் ஈ.எம்.ஐ. ஸ்கேனர் தொழிலை விட்டே போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், காப்புரிமைகளை எண்ணிப் பார்த்து வியாபார முடிவு எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பின்னாளில் மிகச் சிறந்த சோதனைக்களமாக அமைந்ததும் இதே ஸ்கேனர்தான்.

காப்புரிமை என்றதும் சிலர் காப்பிரைட்டை நினைத்துக்கொள்வார்கள். இங்கே பேச்சு பேடண்ட் பற்றி. கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை எழுத்தில் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். பதிலுக்குக் குறிப்பிட்ட காலம், இன்று பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், மற்றவர்கள் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை அவருக்கு. ஆக, போட்டியாளரின் ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க சட்டமே திறந்து வைத்த ஜன்னல் இது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்குச் செய்யும் செலவில் பெரும்பகுதி அந்தந்த வருடத்து லாப நட்டக் கணக்கிலேயே கரைந்துவிடும். சொந்தமாக உருவாக்கிய கண்டுபிடிப்பின் உண்மையான மதிப்பு பேலன்ஸ் ஷீட்டில் எங்கேயும் தெரியாது.

இந்த ஜன்னல் வழியாக முறையாக எண்ணிப் பார்த்த முன்னோடிகளில் முக்கியமானவர் ஜேக்கப் ஷ்மூக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1966-ல் வெளியான தன் புத்தகத்தில் ரயில்வே போன்ற தொழில்களின் காப்புரிமை எண்ணிக்கையை நீண்ட காலத்துக்கு வரிசைப்படுத்தி, அந்தத் தொழில்களில் நடந்த முதலீட்டோடு ஒப்பிட்டார். முதலீடு ஏறினால் காப்புரிமையும் ஏறியது. அது இறங்கினால் இதுவும் இறங்கியது, பல நேரம் சற்றுப் பின்தங்கி. கண்டுபிடிப்பு சந்தையின் பின்னால் போகிறது என்பது அவர் முடிவு.

ஆனால் எண்ணுவதே பெரும்பாடு. காப்புரிமை அலுவலகம் கண்டுபிடிப்புகளைத் தொழில்வாரியாக அடுக்குவதில்லை, அவை செய்யும் வேலையை வைத்து அடுக்குகிறது. வயலுக்கு எரு தூவும் இயந்திரமும் டூத்பேஸ்ட் டியூபும் ஒரே உட்பிரிவில் இருந்ததை ஷ்மூக்லரே எடுத்துக் காட்டினார். இரண்டுமே திடப்பொருளை வெளியே தள்ளுகின்றனவாம்! பிரிவு எண்ணை மட்டும் நம்பிப் பட்டியல் போடுகிறவர் பற்பசைக் கம்பெனிக்கு எருக் கணக்கைக் கொடுத்துவிடுவார்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. எல்லாக் காப்புரிமையும் ஒரே எடையா? இங்கேதான் சி.டி. ஸ்கேனர் மறுபடி வருகிறது. மானுவல் டிராஜ்டன்பர்க் என்ற பொருளாதார அறிஞர் இந்தத் துறையின் 456 அமெரிக்கக் காப்புரிமைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு காப்புரிமையும் தனக்கு முன்னால் வந்தவற்றில் எவற்றோடு தொடர்புடையது என்று ஒரு மேற்கோள் பட்டியலோடு வரும். அமெரிக்காவில் 1947 முதல் இது அச்சாகிறது. பின்னால் வந்தவை எதை அதிகம் சுட்டுகின்றன என்று பார்த்தால் அதன் எடை தெரியுமல்லவா? ஆஸ்பத்திரிகள் எந்த ஸ்கேனரை வாங்கின என்ற விவரத்திலிருந்து, புதிய மாடல்களால் சமூகத்துக்குக் கிடைத்த பலனை அவர் தனியாகக் கணக்கிட்டார். பிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்தார். 1990-ல் வெளியான முடிவு இது: வெறும் எண்ணிக்கைக்கும் பலனுக்கும் தொடர்பு இல்லை, மேற்கோளை எடையாகச் சேர்த்தால் நெருங்கிய தொடர்பு. வெறும் எண்ணிக்கை ஒத்துப்போனது ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தோடு. அதாவது எவ்வளவு முயன்றார்கள் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

கம்பெனிகள் இதை விடுமா? அமெரிக்காவின் டவ் கெமிக்கல் 1990களில் தன்னிடமிருந்த சுமார் 29,000 காப்புரிமைகளைப் பிரித்துப் பார்த்து, பயன்படுபவை, லைசன்ஸ் கொடுக்கத்தக்கவை, கைவிட வேண்டியவை என்று வகைப்படுத்தியது. காப்புரிமையை உயிரோடு வைத்திருக்க அரசுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேவையில்லாததை விட்டதில் மட்டுமே சுமார் 4 கோடி டாலர் மிச்சம் என்று கணக்கிடப்பட்டது. 1999-ல் கணக்கியல் பேராசிரியர் பாரூக் லெவ், காப்புரிமை ஆய்வாளர் ஃபிரான்சிஸ் நாரின் ஆகியோர் அடங்கிய குழு, மேற்கோள் விவரங்களை வைத்துப் பங்கு விலையின் போக்கைக் கணிக்க முடியுமா என்றுகூட எழுதியது.

இவற்றோடு வளர்ந்ததுதான் காப்புரிமை வரைபடம். எளிமையாகச் சொன்னால் ஒரு கட்டம் போட்ட தாள். ஒரு பக்கம் கம்பெனிகள், இன்னொரு பக்கம் தீர்க்க வேண்டிய பிரச்சனைகள். ஸ்கேனருக்குப் போட்டால் படமெடுக்கும் வேகம், படத்தின் தெளிவு, தலை மட்டுமா முழு உடலா என்று கட்டங்கள் வரும். எங்கே கூட்டம், எங்கே காலி என்பது ஒரே பார்வையில் தெரியும். காலி இடம் பொன் விளையும் பூமியாகவும் இருக்கலாம், பலர் முயன்று கைவிட்ட பொட்டலாகவும் இருக்கலாம். அதை உள்ளே இருக்கும் காப்புரிமைகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகின்றன. எனவே இன்று போடும் வரைபடமும் ஒன்றரை வருடம் பழையது.

சரி, 1975-ல் இப்படி ஒரு தாள் ஈ.எம்.ஐ. அதிகாரிகளின் மேஜையில் இருந்திருந்தால்? அவர்களின் முதல் இயந்திரம் ஒரு படத்துக்கு நான்கைந்து நிமிடம் எடுத்தது. வேகம் என்ற கட்டத்தில் போட்டியாளர்கள் குவிவதைத் தாள் காட்டியிருக்கும். ஆனால் எக்ஸ்ரே இயந்திரம் விற்று அமெரிக்க ஆஸ்பத்திரிகளோடு பல பத்தாண்டுப் பழக்கம் ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு இருந்தது, ஈ.எம்.ஐ.க்கு மருத்துவக் கருவி விற்ற அனுபவமே இல்லை என்பதை எந்தக் கட்டம் காட்டும்? லைசன்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொண்டு உட்காரலாம் என்ற வழியும் இருந்தது. ஈ.எம்.ஐ. தானே தயாரித்துத் தானே விற்பதென்று இறங்கியது. 1976-ல் ஜெனரல் எலக்ட்ரிக் வேகமான ஸ்கேனரோடு வந்தது. பின்னர் செலவைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு கெடுபிடி செய்ய, ஆர்டர்களும் குறைந்தன. காப்புரிமை மீறல் என்று ஈ.எம்.ஐ. வழக்குப் போட்டுப் பார்த்தது, ஆனால் சந்தை திரும்பி வரவில்லை.

1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு ஆலன் கார்மக்கோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் நலிந்துபோன ஈ.எம்.ஐ.யை தார்ன் என்ற கம்பெனி வாங்கியது. 1980-ல் தார்ன் ஸ்கேனர் தொழிலை விற்றது. அதில் பெரும்பகுதியை வாங்கியது ஜெனரல் எலக்ட்ரிக்.