பதிவேட்டில் இல்லாத மணமகள்

மன்னர்களுக்குக் கல்வெட்டு உண்டு. சாதாரணக் குடும்பத்துக்கு என்ன உண்டு? 1839இல் டாகேரின் நிழற்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டபோது இவ்வினாவுக்கு விடையொன்று பிறந்தது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய கரையோர ஊர்களில் மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வதே மரபு. வீடு அவளுக்குரிய சீதனம். ஆயினும், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. வலியின் கையொப்பமே போதுமெனக் கொண்டது. வீட்டுக்கு உரியவள் ஏட்டில் இல்லை!

உருவப்படம் ஆகாதென்று தயங்கிய இல்லங்களும், 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபின் படக்கருவியின் முன் நிற்க நேர்ந்தது. பின்னர் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோருக்கு, கடித உறைக்குள் வந்த மனைவி மக்களின் படமே குடும்பமாயிற்று. ஏடு மறுத்த இடத்தைப் படம் அவளுக்கு அளித்தது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கரையோர வீடுகளோடு திருமணப் படங்களும் கடலுக்குள் போயின. கணவனுக்கு ஏட்டில் கையொப்பமாவது எஞ்சியது, அவளுக்கோ அதுவுமில்லை.

ஆகவே, அவள் கையொப்பம் ஏட்டில் ஏற வேண்டுமென்ற கோரிக்கை வெறும் சடங்கு விவகாரமன்று. சரித்திரத்தில் இடம் கேட்கும் குரல். ஆசிரிய நண்பர்களே, எஞ்சிய படங்களின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதுமாறு மாணவரிடம் கூறுங்கள். தாயின் பெயர் முதலில் இருக்கட்டும்.