வெள்ளைச் செண்டுமல்லி

மாலைக் கடைகளில் செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் வழங்கும் பூவின் தாயகம் மெக்சிகோ. ஸ்பானியர் அம்மண்ணில் காலூன்றிய பின்னரே அது கடல் கடந்து பிற நாடுகளுக்குப் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் அதனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் பிலடெல்பியா நகர விதை வணிகர் டேவிட் பர்ப்பீ. அஞ்சல்வழி கோழி விற்பதற்காக அவருடைய தந்தை 1876இல் தொடங்கி, பின்னர் விதை விற்பனைக்குத் திருப்பிய நிறுவனம், 1915இல் தந்தை இறந்தபோது 22 வயதே நிரம்பியிருந்த அவர் பொறுப்புக்கு வந்தது. தந்தையின் காலத்தில் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த மணப்பட்டாணிப் பூச்செடியை வேர்நோய் தாக்கத் தொடங்கவே, மகன் அதற்கு மாற்றாகத் தேர்ந்தது அந்நாளில் பெரிதாக மதிக்கப்படாத செண்டுமல்லியை.

மதிப்புக் குறைவுக்கு அதன் வாடை ஒரு காரணம். இலையொன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால், சிற்றிலைகளின் ஓரங்களில் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தென்படும். இவை எண்ணெய்ச் சுரப்பிகள், கசக்கியவுடன் எழும் நெடி இவற்றிலிருந்தே வருகிறது. சாமந்தியும் செண்டுமல்லியும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நுண்ணிய சிறுமலர்கள் பல நெருங்கி அமைந்த கொத்தே இரண்டிலும் ஒற்றைப் பூவாகத் தோற்றம் தருவதால், பூவைக் கொண்டு தடுமாறுபவருக்கு இப்புள்ளிகள் நல்ல அடையாளம். தமிழ்நாட்டிலும் இப்பூ மாலையிலும் தோரணத்திலும் பெற்ற இடத்தைக் கூந்தலில் பெறவில்லை என்பது நினைக்கத் தக்கது. சீனப் பகுதியிலிருந்து கிறித்தவ ஊழியர் ஒருவர் அனுப்பிய விதையின் வழியே இலை நாறாத வகையொன்று பர்ப்பீக்கு வாய்த்து, 1937இல் 'கிரவுன் ஆப் கோல்ட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1939இல் நெட்டை இனத்தையும் குட்டை இனத்தையும் கலந்த ஒட்டுவகை வெளியானது; அது விதை கட்டாத மலட்டுச் செடியாதலால் நீண்ட நாள் பூத்துக்கொண்டே இருந்தது.

எஞ்சியது நிறம். செண்டுமல்லியின் மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் லூட்டீன் என்னும் நிறமியால் விளைபவை. முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறமேற்றக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதற்கென இந்நிறமியைப் பிரித்தெடுக்கவே சத்தியமங்கலம் வட்டாரத்து உழவர்கள் இன்று இப்பூவை ஒப்பந்த முறையில் பயிரிடுகின்றனர். அந்த நிறமியே இல்லாத பூவைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று பர்ப்பீ 1954இல் அறிவித்தார். பூ இரண்டரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வழிமுறை எளியது: பாத்தியில் மிக வெளிறிய செடியைத் தேர்ந்து, விதை எடுத்து, மறு பருவத்தில் விதைத்து, மீண்டும் தேர்வது. ஆனால் பூச்சிகள் பக்கத்து மஞ்சள் செடிகளின் மகரந்தத்தைச் சுமந்து வந்து சேர்ப்பதால், ஒரு பருவத்தில் வெளுத்த வழி அடுத்த பருவத்தில் மீண்டும் மஞ்சளேறிவிடக்கூடும். நாடெங்கிலுமிருந்து வந்த விதைகளில் கிடைத்தவை வெண்மைக்கு நெருங்கியவையாகவே ஆண்டுக்கணக்கில் இருந்தன.

பரிசு 1975இல்தான் வழங்கப்பட்டது. பெற்றவர் அயோவா மாநிலத்தின் சல்லி என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆலிஸ் வாங்க் என்ற வீட்டுத் தோட்டக்காரர். ஆய்வுக்கூடம் சாராத ஒருவரின் கொல்லையில் அது முடிந்தது தற்செயலன்று, ஏனெனில் இவ்வேலைக்கு வேண்டியது பொறுமையும் விழிப்பான கண்ணுமே. வணிகக் கணக்கில் பார்த்தால் அப்பரிசு மலிவானது: ஆயிரக்கணக்கானோரைக் கூலியில்லாப் பயிர்ப் பெருக்குநராக்கி, 21 ஆண்டுகள் செண்டுமல்லியைப் பேச்சில் வைத்திருந்த விளம்பரத்துக்கு அது போதிய விலையாகாது. நிறுவனமோ அதற்குள், 1970இல், கைமாறிவிட்டிருந்தது.

செண்டுமல்லியை நாட்டின் மலராக்கவும் பர்ப்பீ முயன்றார். இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க மேலவை உறுப்பினர் எவரெட் டர்க்சன் அதற்காக நாடாளுமன்றத்தில் ஓயாது வாதாடினார். டர்க்சன் 1969இலும் பர்ப்பீ 1980இலும் மறைந்தனர். 1986இல் அத்தகுதி ரோஜாவுக்குப் போயிற்று.