வீட்டில் இருந்தவர்கள்

மேலூரை அடுத்த திருவாதவூரிலிருந்து ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவுக்கு மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருள்கிறார். பாண்டியனுக்கு அமைச்சராகி, குதிரை வாங்கத் தந்த பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டு, நரி பரியானதும் வைகை பெருகியதும் கடந்து தில்லையில் முடிகிறது அவர் வரலாறு. நாம் கேட்டுப் பழகிய அக்கதையில் அவரைப் பெற்றவர்கள் பெயரளவில் வந்து மறைந்துவிடுகின்றனர். அதே கதையில் வந்திக் கிழவிக்கோ விரிவான இடமுண்டு. கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும். அனுப்ப மகனில்லாத வீடு அவளுடையது. பிட்டுக்கு மண் சுமக்கச் சொக்கனே வர வேண்டியதாயிற்று. மகனில்லாத வீட்டின் இடரைப் புராணம் நன்கறிந்திருக்கிறது. மகன் எழுந்து போய்விட்ட வீட்டைப் பற்றித்தான் அதற்குச் சொல்ல அதிகமில்லை.

அப்படிப்பட்ட வீடு ஒன்றினுள் நாம் நுழைந்து பார்க்க இயல்வது, அதே மதுரையில், மற்றோர் ஆவணியில்: 1896 ஆகஸ்டு 29. அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட பதினாறு வயது வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி. அவர் கதையைப் பலரும் அறிவர். நாம் அவர் வீட்டாரின் பக்கம் நின்று அதனைப் பார்ப்போம்.

திருச்சுழியில் வழக்குரைத்து வாழ்ந்த தந்தை சுந்தரமய்யர் 1892இல் காலமானார். குடும்பம் இரண்டானது. மூத்தவன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தனர். தாய் அழகம்மாள் இளைய பிள்ளைகளோடு மானாமதுரையில் இன்னொரு மைத்துனரான நெல்லையப்பையரின் ஆதரவில் இருந்தார். கைம்பெண் ஒருத்தியின் பிள்ளை வளர்ப்பு என்பது அக்காலத்தில் பெரும்பாலும் இப்படி மைத்துனர்மார் கையில்தான் இருந்தது. மகன் போனபோது தாய் அந்த ஊரிலேயே இல்லை.

தமையனின் கல்லூரிச் சம்பளமாகக் கட்டவேண்டிய ஐந்து ரூபாயைச் சிற்றன்னை எடுத்துக் கொடுத்தார். பையன் மூன்றை வைத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு விட்டுச் சென்றான். தந்தையைத் தேடி, அவர் ஆணைப்படி போவதாகவும், ஒருவரும் வருந்த வேண்டியதில்லை என்றும், தன்னைத் தேடப் பணம் செலவிட வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தான். சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் குறித்திருந்தான். அச்சீட்டில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வீட்டின் வரவுசெலவு தெரிந்த பிள்ளைதான் அதை எழுதியிருக்கிறான். தேடுவதற்கு ஆகும் செலவை அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

வீட்டார் அந்த ஒரு வேண்டுகோளுக்கு மட்டும் செவிசாய்க்கவில்லை. விசாரித்தபடியே இருந்தனர். இரண்டாண்டுகள் துப்பில்லை. 1898இல் சுப்பையரும் இறந்தார். அந்தத் துக்க வீட்டுக்கு வந்திருந்த திருமங்கலத்து இளைஞன் ஒருவன் சொல்லித்தான் பிள்ளை திருவண்ணாமலையில் இருப்பது தெரிந்தது. வளர்த்தவர் அச்செய்தியைக் கேட்க இல்லை.

முதலில் சென்றவர் நெல்லையப்பையர். துறவைக் கைவிடச் சொல்லி அவர் மன்றாடவில்லை. ஊருக்கு அருகில் எங்கேனும் இருந்தால் போதும், வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே அவர் கேட்டது. உலகியல் அறிந்த ஒரு வக்கீலின் சமரசம்! நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். வந்த வழியே வெறுங்கையோடு திரும்பினார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தபின் அழகம்மாள் நாகசாமியோடு புறப்பட்டார். பவழக்குன்றில் சடைபிடித்த தலையும் வளர்ந்த நகங்களுமாய்ப் பாறையில் கிடந்தவரைத் தாய் கண்டதுமே அடையாளம் கண்டுகொண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து எடுத்துச் சென்றார், அழுதார், கடிந்துகொண்டார். பதிலே இல்லை. உடனிருந்தவர்கள் பரிந்து பேசிய பிறகு மகன் தாளில் சில வரிகள் எழுதித் தந்தார். நடப்பது வினைவழி நடக்கும் என்ற கருத்தமைந்த அவ்வரிகள் இன்று உபதேசமாகப் போற்றப்படுகின்றன. அவை யாரையும் விளித்து எழுதப்பட்டவையல்ல. பெற்றவளுக்கு அன்று அவை எப்படி இருந்திருக்கும் என்று போற்றுவோர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. விடுமுறை முடிந்தது, தாயும் தமையனும் ஊர் திரும்பினர்.

அதன்பின் அந்த வீடும் கலைந்தது. நாகசாமி இளமையிலேயே இறந்தார். 1916இல், மகன் வரமாட்டான் என்பது உறுதியான நிலையில், அழகம்மாள் தாமே மலைக்கு வந்து சேர்ந்தார். விரூபாட்ச குகையிலும், பிறகு கந்தாசிரமத்திலும் மகனோடு இருந்தார். அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். அதுவரை பிச்சையெடுத்து உண்ட கூட்டத்துக்கு ஒரு சமையற்கட்டு உண்டாயிற்று. இளைய மகன் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு, பின்னர் ஆசிரம நிர்வாகத்தை ஏற்றார். ஒரு வகையில், மானாமதுரை வீடே இடம்பெயர்ந்து அண்ணாமலைக்கு வந்துவிட்டது எனலாம்.

1922 மே 19 அன்று அழகம்மாள் இறந்தார். அன்று பகல் முழுதும் மகன் அவர் தலையிலும் மார்பிலும் கைவைத்தபடி அருகிலேயே அமர்ந்திருந்தார். உடலை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தனர். சில மாதங்களில் மகனும் கீழிறங்கி அச்சமாதியருகே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அங்கேதான் எழுந்தது.