மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள்

ஈழத்து வரலாற்றை எழுத முற்படுவோர் தேர்தல்களிலும் ஒப்பந்தங்களிலும் போர்களிலும் காட்டும் அக்கறையை மக்களின் கைகள் செய்த வேலைகளிற் காட்டுவதில்லை. உழவனையும் மீனவனையும் பற்றியாவது சில ஆய்வுகள் எழுந்துள்ளன. வீட்டு வளவில், மாமர நிழலில், எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. ஆயினும் அக்குடாநாட்டின் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அது எவ்வாறு இயன்றது என்று வினவினால், "யாழ்ப்பாணத்தவனின் மூளை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பெருமைக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது. அந்த எஞ்சின்கள் எத்தகையவை, அவற்றைத் திறந்து பார்க்கும் பழக்கம் எப்போது ஏற்பட்டது, எரிந்த எண்ணெய் யாருக்குரியது என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வாடகைக் கார் எனும்போது முதியோர் நினைவில் எழுவது ஒஸ்ரின் ஏ 40 ஆகும். அதன் சோமர்செற் வகை 1952 முதல் 1954 வரையே உற்பத்தி செய்யப்பட்டது. எஞ்சின் கொள்ளளவு 1,200 கன சென்ரிமீற்றர். இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது மொறிஸ் மைனர். 1948 இல் 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பக்கவால்வு எஞ்சினுடன் வெளிவந்த இக்கார், 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தபின் ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சினைப் பெற்றது. முதலில் 803, பின்னர் 1956 இல் 948, 1962 இல் 1,098 என அவ்வெஞ்சின் வளர்ந்தது. உடல் பெரிதும் மாறாமலே உள்ளிருந்த எஞ்சின் மாறியதால், பிற்கால எஞ்சினொன்றை முற்கால வண்டியில் ஏற்றுதல் எளிதாயிற்று. 803 இன் வலுக்குறைவால் சலித்தவர்கள் 948 ஐயோ 1,098 ஐயோ தேடிப் பூட்டியது இங்கிலாந்திலும் இலங்கையிலும் ஒருங்கே நிகழ்ந்ததாகும். வீட்டில் எஞ்சினை மேம்படுத்தல் என்பது அக்காலத்தில் பெரும்பாலும் இதனையே குறித்தது.

எனினும் இலங்கையில் இவ்வேலைக்கு உந்துதலாக இருந்தது வேகத்தின் மீதுள்ள ஆசையன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியிற் கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. 1973 இன் இறுதியிலும் 1974 இன் தொடக்கத்திலும் உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. புதுக் காரும் இல்லை, உதிரிப்பாகமும் அரிது, எரிபொருளும் விலையேற்றம். இந்நிலையில் காரை வைத்திருந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாடகைக்கார்ச் சாரதியும் எஞ்சினைத் திறக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. சிலிண்டர் தேய்ந்தால் அதனைப் பத்து, இருபது, முப்பது, நாற்பது 'தௌ' எனக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவர். 'தௌ' என்பது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு. நாற்பதுக்கு மேலும் தேய்ந்தால் உள்ளே 'சிலீவ்' எனும் உறையை இறக்கி முதலளவுக்குத் திரும்புவர். கடைவது கடைச்சற் பட்டறையின் வேலை. கழற்றுவதும் வால்வு அரைப்பதும் றிங் மாற்றுவதும் வீட்டு வேலை. பிற நாடுகளில் பத்தாண்டில் இரும்புக் கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டி இங்கே மூன்று, நான்கு முறை மறுபிறப்பெடுத்தது.

அதே இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னொரு விளைவையும் தந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டச்செய்கை செழித்தது. துலா மிதித்த கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஒலிக்கலாயின. பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் சிறு எஞ்சின்கள் அவற்றுட் பரவலானவை. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்காது, சூடான எஞ்சின் ஏற்கும் என்னும் பாடத்தை யாழ்ப்பாணத்து விவசாயி நாள்தோறும் தோட்டத்திற் கண்டான். 1990 இல் எவரோ ஒருவர் திடீரெனக் கண்டுபிடித்ததாகக் கூறப்படும் முறை, இருபது ஆண்டுகளாகக் கிணற்றடியில் நடந்துகொண்டிருந்த முறையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி, கார் எஞ்சினை நோக்குவோம். பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்குவது. மண்ணெண்ணெய்க்கு 150 பாகையேனும் வேண்டும். ஆவியாகாத எண்ணெய் எரியாது. அது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும். இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் பெரிது. பெற்றோலின் ஒக்ரேன் எண் 90 அளவினதாயிருக்க, மண்ணெண்ணெயினது அதில் மூன்றிலொரு பங்கையும் எட்டாது. ஆகவே அழுத்தம் மிகும்போது அது உரிய வேளைக்கு முன்பே தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். இவ்விரு இடர்ப்பாடுகளையும் தாங்கிக்கொள்ளத்தக்க எஞ்சின் ஒன்று வேண்டுமெனில், அது அழுத்தம் குறைந்ததாகவும் உட்செல்லும் கலவையைச் சூடாக்குவதாகவும் இருத்தல் வேண்டும்.

ஒஸ்ரின் ஏ 40 இன் அழுத்த விகிதம் 7.2 மட்டுமே. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த மட்டமான பெற்றோலை எண்ணி வகுக்கப்பட்ட அளவு அது. மேலும் இவ்வெஞ்சின்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிவரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டவாறு அமைந்துள்ளன. வெளிவரும் புகையின் சூடு உட்செல்லும் கலவைக்குப் பாய்கிறது. வலுவை நாடும் பொறியியலாளர்கள் இதனைக் குறையெனக் கருதி, பிற்காலத்தில் இரு குழாய்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தனர். அழுத்த விகிதத்தையும் ஒன்பதுக்கும் பத்துக்கும் உயர்த்தினர். உலகம் குறையெனக் கழித்த இவ்விரண்டுமே முற்றுகைக்குட்பட்ட நிலத்தில் கைகொடுத்தன. 1977 இன் பின் வந்த யப்பானியக் கார்களைவிடத் தாத்தா காலத்து ஒஸ்ரின் அங்கு மதிப்புப் பெற்றதற்கான காரணம் இதுவேயன்றிப் பழமைப் பற்றன்று.

எஞ்சிய வேலைகள் வீட்டிலேயே செய்யத்தக்கவை. மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேட்டரில் அடியிலுள்ள ஒரு நட்டைத் திருகினாலே கலவை செறிவாகவோ ஐதாகவோ மாறும்; புதிய பாகம் தேவையில்லை. தீப்பொறி எழும் வேளையைச் சற்றுப் பின்தள்ளினால் தட்டல் தணியும். அதற்கென டிஸ்ரிபியூற்றரிற் கையாலேயே திருகத்தக்க சிறு குமிழொன்று உண்டு. அழுத்தத்தை மேலும் குறைக்க வேண்டின், சிலிண்டரின் தலைப்பகுதிக்குக் கீழே தடித்த காஸ்கற் வைத்தல் வழி. எஞ்சினைத் தொடக்கச் சிறு போத்தலிற் பொத்திக் காத்த பெற்றோல் சில துளிகள் காபரேட்டருக்குள் விடப்படும். எஞ்சின் இருமி, புகைந்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் திறக்கப்படும். மோட்டார் சைக்கிள்களும் இவ்வாறே ஓடின. வெண்புகையும் மணமும் தொலைவிலேயே வண்டியின் வரவை அறிவித்தன. ஒயில் விரைவில் நீர்த்துப்போவதால் அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றுவதற்கு ஒயிலும் இல்லை. பிளக்கிற் கரி படியும், வால்வு ஒட்டும், மறுபடியும் தலைப்பகுதி கழற்றப்படும். மேம்படுத்தல் என்னும் சொல் இங்கே தலைகீழாயிற்று. வலுவைக் குறைத்து, வேகத்தை இழந்து, எஞ்சினின் ஆயுளையும் அறிந்தே தின்னக் கொடுத்து, இன்றைக்கு ஓடச் செய்வதே திருத்தமாயிற்று.

இதே காலத்தில், தீவின் தென்கோடியிலுள்ள காலியில், மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அங்கே அக்கார் பழம்பொருள் விரும்பிகளின் செல்லப்பிள்ளை. ஒரே வண்டி, ஒரே தீவு. ஒரு முனையில் ஏற்றுமதிப் பண்டம், மறுமுனையில் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல எஞ்சியிருந்த ஊர்தி.

இவ்விடத்திற் புகழ்ச்சியுடன் நின்றுவிடுவது நேர்மையாகாது. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்த பொருளன்று. பங்கீட்டில் அளந்து வழங்கப்பட்டது. தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாட்டில் அதுவே விளக்கெண்ணெய். அதுவே தோட்டத்து இயந்திரத்துக்கும் உணவு. மாணவர் ஜாம் போத்தல் விளக்கிற் சொட்டுச் சொட்டாக எரித்துப் படித்த எண்ணெயை ஒரு கார் சில மைல்களில் ஊதித் தள்ளிவிடும். ஆதலால் மண்ணெண்ணெய்க் கார் என்பது தடைக்கு எதிரான வெற்றி மட்டுமன்று. தடைக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு பங்கீட்டுப் பிரச்சினையுமாகும். காசுள்ளவனின் திருமண ஊர்வலத்துக்கு ஓடிய வண்டியும் பிரசவ வேதனையில் இருந்தவளை ஏற்றி ஓடிய வண்டியும் ஒரே புகையையே கக்கின. எண்ணெயின் நியாயம் எஞ்சினின் வேலைத்திறத்தில் இல்லை. ஏறியவர் யார் என்பதில் இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மிகப் பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

2002 ஏப்பிரலில் ஏ 9 பாதை திறந்தபோது பெற்றோலும் உதிரிப்பாகமும் வந்தன. வந்த பெற்றோல் பழைய பெற்றோல் அன்று. அதே ஆண்டிலேயே இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. வால்வு இருக்கைகளைத் தேய்வினின்று காத்தது அவ்வீயமே. எனவே பன்னிரண்டு ஆண்டுகள் மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள் மீண்டும் திறக்கப்பட்டு, கரி சுரண்டப்பட்டு, பலவற்றில் கடினமான புதிய வால்வு இருக்கைகள் இறக்கப்பட வேண்டியதாயிற்று. அவ்வேலையைச் செய்தவர்களும் பெரும்பாலும் 1970களில் தொழில் பழகிய அதே கைகளே. அவர்களிடம் அளவுக் குறிப்பேடுகள் இல்லை. தட்டலைக் காதாலும் கலவையைப் புகையின் நிறத்தாலும் அறிந்தனர். ஏடு இல்லாத அறிவு ஆளோடு போய்விடும். அவர்களுட் பலர் இன்று இல்லை.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பழைய வித்தை பலரின் பேச்சில் மீண்டும் எழுந்தது. ஆனால் வரிசையில் நின்ற கார்களிற் பெரும்பாலானவற்றில் காபரேட்டர் இல்லை. திருகக் குமிழும் இல்லை. அழுத்த விகிதம் பத்தைத் தாண்டிய அவ்வெஞ்சின்களுக்குள் எரிபொருள் மின்னணுக் கட்டளைப்படி பீச்சப்படுகிறது. மண்ணெண்ணெயும் அவ்வாண்டு ஓகஸ்றில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது.